முக்காலில் நிறுத்திய இஞ்சின்

நான் ஒரு நாளும் கடலுக்குள் போனதில்லை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் மணல் மேட்டை ஒட்டியிருக்கிற எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் கிடையாது. படகு கிளம்புவதைப் பார்ப்போம், திரும்புவதைப் பார்ப்போம், நடுவில் நடப்பது ஆண்கள் சொன்னால்தான் தெரியும். அப்படிப்பட்டவள் பத்து வருஷம் ஒரு படகு இஞ்சினுக்கு வைத்தியம் பார்த்தேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அதே கையால்தான் ஒரு மனுஷனின் பிழைப்பையும் பேரையும் கெடுத்தேன். இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

1993இல் எனக்குக் கல்யாணம். பத்தாவது வரை படித்திருந்தேன், அந்தக் குப்பத்தில் அது பெரிய படிப்பு. வீட்டில் கணவரும் அவருடைய தம்பியும். மாமனார் மாமியார் முன்னமே போய்விட்டார்கள். கொழுந்தனுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். அடுத்த வருஷம் அண்ணனும் தம்பியுமாகப் படகுக்கு ஒரு பழைய இஞ்சின் வாங்கினார்கள். பெட்ரோல் இஞ்சின். படகின் உள்ளேயே மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஒரு இரும்புத் தண்டு தண்ணீருக்குள் இறங்கி நுனியில் ஃபேன் சுற்றும். கரை வந்ததும் பெட்டியோடு சாய்த்துத் தூக்கினால் ஃபேன் மணலில் இடிக்காது. அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு என் கணவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். என் கல்யாணத்தில்கூட அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பைப் பார்க்கவில்லை.

ஆனால் அது பெட்ரோல் குடித்தது பாருங்கள், அப்படி ஒரு குடி. விடிந்து போய் மதியம் திரும்புவதற்குள் ஒரு கேன் காலி. வாரத்தில் மூன்று நாள் போனால் நாலு நாள் படகு மணலில் கிடக்கும். துடுப்பு போட்ட காலத்தில் உடம்பு வலித்தது, இப்போது படகைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இஞ்சினைப் பார்த்து வரச் சொன்னால் இரண்டு பேருக்கும் திண்டிவனம் வரை போகப் பொறுமை கிடையாது. "நீதான் படிச்சவ, நீ எடுத்துக்கினு போ" என்று கார்புரேட்டரைக் கழற்றி என் மீன் கூடையில் வைத்துவிட்டார் என் கணவர். விளையாட்டாகத்தான் வைத்தார்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினாலே கண்டக்டர் மூக்கைப் பொத்துவார். கூடையில் பெட்ரோல் வாடையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போவேன். திண்டிவனத்தில் பம்ப்செட் இஞ்சின் ரிப்பேர் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வருகிறவர்கள் எல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற, கரும்பு போடுகிற ஆட்கள். மெக்கானிக் அவர்களை அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். அவர் வேண்டுமென்று செய்தாரோ இல்லையோ, நான் வாசலில் இரண்டு மணி மூன்று மணி நேரம் நின்று அத்தனையும் பார்த்தேன். அவர் எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைக் காக்க வைத்தார், அவ்வளவுதான்.

பார்த்ததை வீட்டில் செய்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, நுனி கரியாக இருந்தால் இஞ்சின் அதிகம் குடிக்கிறது, வெளுத்திருந்தால் போதாமல் காய்கிறது, டீ நிறத்தில் இருந்தால் சரி. பிளக் நுனியில் விடவேண்டிய இடைவெளி இரும்பு அறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடு கனம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற பித்தளை ஓட்டை அடைத்துக்கொண்டால் எல்லாரும் கம்பியை விட்டுக் குத்துவார்கள். குத்திக் குத்தி ஓட்டை பெரிதாகி, அதுவே மேலும் பெட்ரோல் குடிக்கும். நான் தூண்டில் நரம்பை விட்டு எடுத்தேன், பித்தளையில் கீறலே விழாது. பெட்ரோலை முதலில் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைப்பேன், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பிறகு பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுவேன். ஃபேனின் ஓரத்தில் பல் விழுந்திருந்தால் அரம் போட்டுச் சமன் செய்வேன். தண்டுக்கு கிரீஸ். தினமும் படகு வந்ததும் இஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையிலும் இஞ்சினுக்கு ஒரு குடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஒரு வருஷத்தில் கேனில் கால் பங்கு மிச்சமாக ஆரம்பித்தது. குப்பமே பேசியது. பக்கத்துப் படகுக்காரர்களின் பெண்சாதிகள் முந்தானையில் பிளக்கை முடிந்துகொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். என் கணவர் கரையில் உட்கார்ந்துகொண்டு, அது தன் பெண்டாட்டி கை வைத்த இஞ்சின் என்று பெருமை அடித்துக்கொள்வார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. இல்லையென்று சொன்னால் பொய்.

மிச்சமான கால் பங்கை அவர் என்ன செய்தார் தெரியுமா? வேகமாகப் போய்த் தீர்த்தார். வலை இழுக்கும்போதும் இஞ்சினை நிறுத்தாமல் ஓடவிடுவது, திரும்பும்போது வேகம் கூட்டுகிற கைப்பிடியை முழுக்கத் திருகி மற்றப் படகுகளை முந்தி வருவது. முதலில் கரை தொடுகிற படகைச் சுற்றித்தான் வியாபாரிகள் நிற்பார்கள் என்று ஒரு சாக்கு. உண்மையில் முந்துவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். முக்கால் திருகோடு வந்தால் பத்து நிமிஷம்தான் தாமதம், பெட்ரோல் பாதி மிச்சம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நீ கரையில இருந்துக்கினு கடலுக்குக் கணக்கு சொல்லாத" என்றார். எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடாது, ஆனால் அன்றைக்கு மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு வேறு வழி தேடினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது கிளியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் பம்ப்செட்டுக்கு மெக்கானிக் சின்ன ஸ்குரூ ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். கூலியாட்கள் சீக்கிரம் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போகவேண்டும் என்று இஞ்சினை முழுக்கத் திருகி எண்ணெயைத் தீர்க்கிறார்கள், இந்த ஸ்குரூ போட்டால் கார்புரேட்டர் கதவு முக்காலுக்கு மேல் திறக்காது என்றார். நடுவில் ஒரு ஸ்பிரிங் இருப்பதால் கைப்பிடி மட்டும் முழுக்கத் திரும்பும். திருகுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. நான் வேறொன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் போகிற வழியில் ஹார்டுவேர் கடையில் அதே அளவு ஸ்குரூ ஒன்று வாங்கினேன். கூடையில் போட்டால் தொலைந்துவிடும் என்று கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு பேரும் வலை காயப்போடப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து அதை முடுக்கினேன். வேகம் கொஞ்சம் குறைந்ததை என் கணவர் கவனித்தார். இஞ்சின் பழசாகிவிட்டது, பெட்ரோலில் கலப்படம், இரண்டில் ஒன்று என்றேன். நான் சொன்னால் நம்புவார், இஞ்சின் விஷயத்தில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. கேனில் பாதி மிச்சமானது. அது ஆவணி மாதம், கடல் குளம் மாதிரி கிடந்தது. ஒரு தப்பும் நடக்கவில்லை. எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன்.

நிலத்து இஞ்சின் தண்ணீரை இழுக்கும், அவ்வளவுதான். அதை முக்காலில் நிறுத்தினால் வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வரும். படகு அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கரைக்கு வரும்போது, பின்னால் ஒரு பெரிய அலை எழும்பினால் அந்த ஒரு நிமிஷம் முழு இஞ்சினும் வேண்டும். அலைக்கு முன்னால் ஓடித் தப்பிக்க வேண்டும். குப்பத்தில் கடலுக்குப் போகிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். நான் கேட்கவில்லை. கடலுக்கே போகாதவள், கடலுக்குப் போகிற இஞ்சினுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

கார்த்திகை. காற்று எழும்பி, போன படகுகள் எல்லாம் அவசரமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பகல் பதினோரு மணி இருக்கும், நாங்கள் பெண்கள் கரையில் நின்றோம். எங்கள் படகு வந்தது. பின்னால் துடுப்பைப் பிடித்துத் திசை பார்த்துக்கொண்டு என் கணவர், நடுவில் இஞ்சின் பெட்டிப் பக்கம் கைப்பிடியில் கொழுந்தன். அலை உடைகிற இடத்துக்கு வந்தார்கள். பின்னால் ஒன்று எழும்பியது. என் கணவர் கையை உயர்த்திக் கத்தினார். என்ன கத்தினார் என்று காதில் விழவில்லை, விழவேண்டிய அவசியமும் இல்லை. திருகு என்கிறார். இஞ்சின் சத்தம் ஏறியது, ஏறி முக்காலில் நின்றது. அந்தச் சத்தம் அங்கே நின்றது கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிப் புரட்டிப் போட்டது. என் கணவர் தூர விழுந்து நீந்தி வந்தார். கொழுந்தன் படகு விளிம்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். இடுப்பு எலும்பு நொறுங்கியது.

அவனை வேனில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்கள் சேர்ந்து படகை நிமிர்த்தி மணலில் இழுத்துப் போட்டார்கள். கடல் தண்ணீர் குடித்த இஞ்சினை உடனே கழுவாவிட்டால் பாழ். நான் குடத்தோடு போனேன். கொழுந்தன் அங்கே சாகக் கிடக்கிறான், இவள் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் பார் என்று ஒருத்தி சொன்னாள். பொறுப்பான பொம்பளை என்று இன்னொருத்தி சொன்னாள். நான் பெட்டிக்குள் குனிந்து ஸ்பேனரால் ஸ்குரூவைக் கழற்றினேன். அலை நுனி வரை போய் வீசினேன். வீசிவிட்டு வந்து மீதித் தண்ணீரை ஊற்றி, பிளக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, எல்லாம் முறையாகச் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் தம்பியிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாராம்: "கைய எடுத்துட்டியேடா." அலையைப் பார்த்துப் பயந்து தம்பி கைப்பிடியை விட்டுவிட்டான் என்று அவர் நினைத்தார். சத்தம் முழுசாக ஏறவில்லையே, வேறு என்ன நினைப்பார்? தம்பி இல்லை இல்லை என்று அழுதிருக்கிறான். பத்து நாள் கழித்து என் கணவர் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு படகை எடுத்தார். இஞ்சின் முழுக் குரலில் கத்தியது. போன மாதம் வரை கத்தாத இஞ்சின் இப்போது எப்படிக் கத்துகிறது என்று அவர் யோசிக்கவில்லை. நான் கழுவிப் பூட்டினதால் நன்றாகிவிட்டது என்றார் கரையில். இஞ்சின் மேல் ஒரு குறையும் இல்லை, இவன்தான் பயந்துவிட்டான் என்றார். கரை முழுக்கத் தலையாட்டியது.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதி, இஞ்சின் என்றால் இவள் என்று நாலு பெண்கள் சொன்ன அந்தப் பேர். அதை விட மனசு வரவில்லை. சீ, இப்படியும் ஒரு பொம்பளையா என்று என்னை நானே எத்தனை முறை கேட்டிருப்பேன். கேட்டு என்ன?

மூன்று மாதம் கழித்துக் கொழுந்தன் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். வந்த இரண்டாம் நாள், படகு மணலில் நின்றிருந்தபோது, மெல்ல நடந்து அங்கே போனான். நானும் பின்னால் போனேன். இஞ்சினைக் கிளப்பித் தரச் சொன்னான். நான்தான் கயிற்றை இழுத்துக் கிளப்பிக் கொடுத்தேன். அவன் கைப்பிடியைப் பிடித்து முழுக்கத் திருகினான். இஞ்சின் ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. மூன்று முறை திருகிப் பார்த்தான், மூன்று முறையும் கத்தியது. பிறகு கையை எடுத்து, அந்த உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் போல அண்ணி" என்றான். அதற்கப்புறம் அவன் இல்லை என்று வாதாடவே இல்லை.

பக்கத்துக் குப்பத்தில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். கால் சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறும். கடலைப் பார்த்துப் பயந்தவன் என்றார்கள். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், பேச்சு மட்டும் என் வழியாகப் போய் வந்தது. "அவனைத் துன்னச் சொல்லு" என்பார் அவர். "அண்ணன் துன்னாச்சா?" என்பான் இவன். வலை பின்னிக்கொண்டு, கிழிசல் தைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தான். பயந்தவன் என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அடிபடவேண்டியவள் நான்தான் என்று தெரிந்துதான் ஓடினேன்.

இஞ்சின் இருந்த வரைக்கும் சாட்சி இருந்தது. ஸ்குரூ முடுக்கிய இடத்தில் பித்தளையில் பிசிறு நின்றது, கழுவும்போதெல்லாம் விரலில் படும். ஐந்து வருஷம் தினமும் பட்டது. யாரையாவது கூப்பிட்டு இதோ பார் என்று காட்டியிருந்தால் போதும். சுனாமி வந்த அன்றைக்கு நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். படகும் போனது, இஞ்சினும் போனது. எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். உள்ளே ஒரு ஓரத்தில், போய்த் தொலைந்தது என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காகவே நான் நரகத்துக்குப் போவேன். அப்புறம் நிவாரணமாக டீசல் இஞ்சினோடு ஒரு படகு கிடைத்தது. அந்த இஞ்சினை நான் தொடவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சில வருஷம் போய் என் கணவருக்கு மார்வலி வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் நன்றாகப் பேசினார். சொல்லிவிடலாம் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தானாகவே, "அவனைப் பாத்துக்க. பயந்தவன்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கஞ்சி டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டேன். மறுநாள் அவர் போய்விட்டார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, கொழுந்தனின் ஊனமுற்றோர் பஸ் பாஸைப் புதுப்பிக்க நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரம் போனோம். அவனுக்கு நாற்பது தாண்டாமலே தலை நரைத்திருந்தது. வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் பஞ்சர். எல்லாரும் இறங்கினோம். டீக்கடை பெஞ்சில் அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இங்கே சொல்லாவிட்டால் இனி எங்கேயும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். "தம்பி, அன்னிக்கு உன் கை விடல. நான் இஞ்சின்ல ஸ்குரூ போட்டு வெச்சிருந்தேன். அது முக்காலுக்கு மேல போவாது" என்றேன். பட்டறையில் பார்த்தது, கடையில் வாங்கியது, முடுக்கியது, கழற்றியது, எறிந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்து டீயை ஒரு வாய் குடித்தான். பிறகு சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு.

"எனக்கோசரம் இப்டிலாம் சொல்றீங்க அண்ணி. நான்தான் அப்பறமா திருகிப் பாத்தேனே. முழுசா கத்துச்சே."

"அதுக்கு முன்னாடியே கழட்டி எறிஞ்சிட்டேன்பா."

"எங்க எறிஞ்சீங்க?"

"கடல்ல."

மறுபடியும் அதே சிரிப்பு. "உங்க கை வெச்ச இஞ்சின் மேல பழி போட்டு நான் தப்பிச்சுக்கணுமா? நான் பயந்துட்டேன் அண்ணி. அதை ஒத்துக்கினு எவ்ளோ நாளாச்சு. வுடுங்க." நான் என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். சத்தியமெல்லாம் செய்யாதீர்கள் என்று என் வாயைப் பொத்தினான். கடலில் போட்டதற்கு அத்தாட்சி கேட்டால் எங்கே போவேன்? டயர் மாட்டியாகிவிட்டது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறிக்கொண்டோம்.

விழுப்புரத்தில் அந்த ஆபீசில் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், ஊனம் எப்படி ஆனது என்று கேட்டார். "படகு கவுந்துச்சுங்க" என்றான் கொழுந்தன். கேட்காமலே, "நான் பயத்துல கைய எடுத்துட்டேங்க" என்றும் சேர்த்துச் சொன்னான். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகின குரல். இல்லைங்க, அது நான் செய்தது என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அவரைப் பார்த்து, விடுங்க என்கிற மாதிரி கண்ணைக் காட்டினான்.

"ஏம்மா, போட்டோ ரெண்டு எடுத்துக்கினு வந்தீங்களா?" என்றார் அவர்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.